அங்கேயும் மாடுதான் முதலில் வரும்

விடிந்தும் விடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவணி மாதம். எங்கள் ஊர்க் கலையரங்க மேடையில் எங்கள் வீட்டு டிவி உட்கார்ந்திருக்கிறது. எதிரே மண் தரையில் பாய் விரித்து ஊர் உட்கார்ந்திருக்கிறது. தலைக்குக் குளித்து ஈரக் கொண்டையோடு வந்த பெண்கள் முன்னால். பல்கூடத் துலக்காமல் எழுந்து வந்த ஆண்கள் பின்னால்.

டிவிக்குள் இன்னும் சனிக்கிழமை ராத்திரி. அது அமெரிக்கா. எங்கள் ஜில்லாவையே லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போய் வட்டமாக உட்கார வைத்த மாதிரி ஒரு கூட்டம். நடுவில் பச்சைப் புல் மைதானம். ஒரு பக்கத்தில் ரயில் குகை மாதிரி ஒரு வாசல். அந்த வாசலில் ஒரு மாடு. அதன் தலைக்கயிறு என் மகள் காளீஸ்வரி கையில்.

மாடு வெளியே வரவில்லை.

"ஏங்க, என்ன அப்படியே நிக்கிது?" என்றாள் என் மனைவி பாண்டியம்மாள்.

"நெட்டு நிண்டுருக்கும் மதினி" என்றான் என் தம்பி சேது.

போனையும் டிவியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தவர் மங்கலத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெய்னுல் பாய். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நெட்டெல்லாம் நல்லாத்தான் ஓடுது. அங்கன கூட்டம் கை தட்டுறது தெரியலையா? மாடுதான் ஓட மாட்டேங்குது!"

அந்த மாடு ஓடினால் என்ன, நின்றால் எங்களுக்கு என்ன என்பது உங்களுக்குப் புரியாது. புரிய வேண்டுமென்றால் இரண்டு மாட்டின் கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று எங்கள் ஊர் மாடு. இன்னொன்று அவர்கள் ஊர் மாடு.

நான் எட்டாவது வரை படித்தவன். கோர்வையாக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மாடு

ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் உப்பூருக்கும் நடுவில், கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் மிளகாய், அதுவும் இல்லையென்றால் அய்யனார். அவர்தான் எங்களுக்கு எல்லாம். விதைக்கும் முன்னால் அவரைக் கேட்போம். பொண்ணு பார்க்கப் போகும் முன்னால் கேட்போம். ஆசுபத்திரிக்குப் போய்ப் படுத்தாலும் தலையணைக்கு அடியில் அவர் திருநீறு இருக்கும்.

அவருக்கு ஒரு கோயில் மாடு உண்டு. அது யார் வீட்டு மாடும் இல்லை. யார் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டோம். மிளகாய்ச் செடியை மிதித்துவிட்டுப் போனாலும், "சாமி வந்துட்டுப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வந்து மெதுவாகத் திட்டுவோம்.

மாசி மாதம் மஞ்சுவிரட்டு. எத்தனை ஊர் மாடு வந்து தொழுவில் நின்றாலும் முதலில் வெளியே வருவது கோயில் மாடுதான். அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். அது வரும்போது ஆண்கள் செருப்பைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்போம். பெண்கள் குலவை போடுவார்கள். அது போன பிறகுதான் மற்ற மாடு, மற்ற ஆட்டம் எல்லாம்.

அந்த மாட்டின் பிடிகயிறு எங்கள் வகையறாவுக்கு உரியது. எங்கள் அய்யாவுக்குப் பிறகு அது சேது கைக்குப் போனது. மூத்தவன் நான் இருக்க இளையவனுக்கு ஏன் என்று கேட்பீர்கள். மாடு நடந்தால் நான் ஓட வேண்டியிருக்கும். மாடு ஓடினால் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். அவ்வளவுதான் என் வீரம்.

கயிறு பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. மாட்டுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கயிற்றை இடது தோளில் போட்டு, தொய்வாக விட்டு, நுனியை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொள்ள வேண்டும். இழுக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. நடக்க வேண்டும். பின்னால் வருவது சாமி. வரும் என்று நம்பி நடப்பவன் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்? இப்படிப் பிடிப்பது சுற்றுவட்டாரத்தில் எங்கள் ஊரில் மட்டும்தான். பக்கத்து ஊரில் இரண்டு பக்கமும் வடம் போட்டு இழுத்துக்கொண்டு வருவார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. பெண்கள் மாட்டுக்குப் பொட்டு வைக்கலாம், மாலை போடலாம், காலைத் தொட்டுக் கும்பிடலாம். கயிற்றை மட்டும் தொடக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காததால் யாரும் சொன்னதுமில்லை.

அவர்கள் ஊர் மாடு

காளி எங்களுக்கு ஒரே பிள்ளை. மாட்டு டாக்டருக்குப் படித்தாள். மேல்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்து அமெரிக்கா போனாள். போகும்போது அவள் பெட்டியில் நல்லெண்ணெய், ஊறுகாய், கருவாட்டுப்பொடி, அய்யனார் திருநீறு எல்லாம் இருந்தன. கருவாட்டுப்பொடியை மட்டும் விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். திருநீறு போய்ச் சேர்ந்தது.

போன புதிதில் ஒருநாள் போன் செய்தாள். "அய்யா, இங்கனயும் ஒரு கோயில் மாடு இருக்கு!"

"அங்க ஏதுத்தா அய்யனாரு?"

"அய்யனார் இல்ல. இது யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீமோட மாடு. பேரு டியூக்."

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள். அதனால் விட்டுவிடுகிறேன். அவள் சொன்ன கதையை மட்டும் சொல்கிறேன்.

அது ஒரு காலத்தில் விவசாயக் கல்லூரி. சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் பகலில் உழவு படித்துவிட்டு சாயங்காலம் பந்து விளையாடுவார்கள். மைதானத்துக்குத் தண்ணீர்ப் பீப்பாயை ஒரு மாடு இழுத்துக்கொண்டு வரும். ஒரு தடவை பெரிய ஊர்க்காரர்கள் ஆட வந்திருந்தார்கள். நல்ல உடுப்பு, நல்ல சாப்பாடு, நல்ல திமிர். இவர்கள் மைதானத்துக்குள் இறங்கப் பயந்து ஓரமாக நின்றிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மாடு நுகத்தடியிலிருந்து நழுவி மைதானத்தின் குறுக்கே ஓடியிருக்கிறது. எதிராளிகள் நாலாபக்கமும் சிதறியிருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரித்ததில் இவர்களுக்குப் பயம் போய்விட்டது. அன்றைக்கு ஜெயித்தார்கள்.

அதிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மாடு முதலில் வரும். அது மைதானத்தைக் கடந்த பிறகுதான் ஆட்டக்காரர்கள் வருவார்கள்.

"இதுல பாதி கதைன்னு எங்க புரொபசரே சொல்றாங்கய்யா" என்றாள் காளி.

"நம்ம அய்யனார் கதையிலயும் பாதிய எங்க அய்யாதான் சேர்த்தாரு. மாடு வருதா இல்லையா? அம்புட்டுத்தான்" என்றேன்.

ஒரு டியூக் போனால் அடுத்ததற்கும் அதே பெயர். எங்கள் ஊரிலும் எல்லா மாட்டுக்கும் "சாமி" என்றுதானே பெயர்! டியூக்குக்குப் பல்கலைக்கழகத்தில் அடையாள அட்டை இருக்கிறதாம், போட்டோ ஒட்டி. இதைச் சொன்னதும் சேது கேட்டான்: "ஆதார் எடுத்தாச்சாமா?"

செத்துப்போன டியூக்குகளை மைதானத்துக்கு வடக்கே ஒரு மேட்டில் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கல். வருடத்தின் முதல் ஆட்டத்தன்று மத்தியானம் மாட்டுக்காரப் பிள்ளைகள் போய் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் ஒரு கைப்பிடி மக்காச்சோளம் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டும். இதைக் கேட்டபோது பாண்டியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பழைய மாடு செத்தபோது ஊரே கோடித்துணி போட்டு, கொட்டு வைத்துத் தூக்கிப்போனதை நினைத்துக்கொண்டாள்.

"நம்மளப்போலத்தாங்க அவுகளும்" என்றாள். அதற்குப் பிறகு மகள் அந்நிய தேசத்தில் இருக்கிறாள் என்ற கவலை அவளுக்குப் பாதியாகக் குறைந்தது.

கார் அடுப்பும் நுகத்தடியும்

ஒரு தடவை வீடியோ காலில் மைதானத்துக்கு வெளியே சுற்றிக் காட்டினாள். கண்ணுக்கெட்டிய தூரம் கார். ஒவ்வொரு காரின் பின்னாலும் ஓர் அடுப்பு. ஆட்டத்துக்குக் காலையிலேயே வந்து, குடும்பம் குடும்பமாகச் சமைத்து, தெரியாதவர்களையும் கூப்பிட்டுத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். தாத்தா போட்ட சட்டையைப் பேரன் போட்டுக்கொண்டு வருகிறான். அப்பன் உட்கார்ந்த இடத்திலேயே பிள்ளையும் உட்கார வேண்டுமென்று சீட்டை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

"குலசாமி கோயில் கிடாவெட்டு மாதிரியே இருக்கே" என்றாள் பாண்டியம்மாள். "ஏத்தா, முதல் சோறு யாருக்கு வைப்பாக?"

காளி யோசித்துவிட்டு, "டியூக்குக்கு மக்காச்சோளம் குடுத்துட்டுத்தான் அடுப்பையே பத்த வைப்பாகம்மா" என்றாள்.

"அப்பச் சரி."

ஆட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்து. பெயர் கால்பந்து, ஆனால் கையில்தான் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். தலையில் இரும்புச் சட்டி மாதிரி ஒன்று. நம் கபடி மாதிரி விழுந்து அமுக்குகிறார்கள். பிறகு கூடிக் கூடிப் பேசுகிறார்கள். ஓடுகிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம் அதிகம். அந்த வகையில் எங்கள் ஊர்க் கூட்டம் மாதிரி.

பக்கத்து மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இவர்களுக்குத் தலைமுறைப் பகை. கடைசி ஆட்டம் அவர்களோடுதான். ஜெயித்தவருக்குத் தங்கக் கோப்பை எல்லாம் கிடையாது. பழைய மர நுகத்தடி ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு அந்தப் பாடு. சேதுவுக்கு ஆச்சரியம். "நம்ம வீட்டு எருக்குழியில ரெண்டு கிடக்குண்ணே. பார்சல் போட்டா ஆளுக்கு ஒண்ணா வச்சுக்கிட்டுச் சமாதானமாப் போகலாம்ல?"

புது மாடு

டியூக்கை ஓட்டிக்கொண்டு வருவதற்கு ஒரு மாணவர் குழு இருக்கிறது. வெள்ளைத் தொப்பி, நீலச் சட்டை. ஓட்டம் வைத்து, கொட்டடியில் சாணி அள்ள விட்டு, அதற்கப்புறம்தான் ஆள் எடுப்பார்கள். காளி சேர்ந்துவிட்டாள். முதல் வருடம் பக்கக்கயிறு. அதில் வம்பு ஒன்றுமில்லை. பழைய டியூக் அனுபவசாலி. பாட்டுச் சத்தம் கேட்டால் தானாகவே போய் வாசலில் நிற்கும்.

பழைய டியூக்குக்கு வயதாகி மேய்ச்சலுக்கு அனுப்பிவிட்டார்கள். இளங்காளை ஒன்று வந்தது. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை. பயிற்சியில் நன்றாக வரும். பேண்டு வாத்தியமும் வெடிச் சத்தமும் சேர்ந்தால் மட்டும் வாசலில் நாலு காலையும் ஊன்றி நின்றுவிடும். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. யாரிடமும் வராத மாடு காளியிடம் கொஞ்சம் வந்தது. அதனால் குழுவைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, தலைக்கயிற்றை அவளிடம் கொடுத்துவிட்டார்.

வருடத்தின் முதல் ஆட்டம் இருந்த வாரம் காளி குரலே சரியில்லை.

"என்னத்தா?"

"அய்யா, இந்த முதல் ஆட்டத்துல டியூக் வரலைன்னா இனிமே மாடே வேண்டாம்னு யூனிவர்சிட்டியில முடிவு பண்ணிட்டாக. மாட்டு வேஷம் போட்ட ஆளு ஒருத்தர் ஏற்கனவே இருக்காரு. அவரே ஓடிக்கிறட்டும்ங்கிறாக. இத்தன டியூக்கு வந்துருச்சு. என் கையில கயிறு இருக்கப்பவா அய்யா நிக்கணும்?"

அய்யனாரிடம் சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த பெரிய ஆள் அவர்தான்.

பாண்டியம்மாள் என்னிடம்கூடக் கேட்காமல் நேர்ந்துகொண்டாள். டியூக் வெளியே வந்துவிட்டால் அய்யனாருக்கு ஒரு மண் காளை செய்து வைக்கிறேன், செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை என்று. ஜெய்னுல் பாய் வெள்ளிக்கிழமை ஏர்வாடிக்குப் போனவர், தர்காவில் காளிக்கும் சேர்த்து துஆ செய்துவிட்டு வந்தார். "பேரச் சொல்லித்தான் கேட்டேன்ணே. காளீஸ்வரின்னு. அல்லாஹ்வுக்கு விளங்கும்" என்றார்.

ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இடம் பத்தாது. டிவியைக் கலையரங்கத்துக்குத் தூக்கிவிட்டோம்.

வாசலில்

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன்.

மாடு நிற்கிறது. பேண்டு வாசித்துக்கொண்டே இருக்கிறது. புகை. பக்கக்கயிறு பிடித்த பையன்கள் பின்னுக்குச் சாய்ந்து இழுக்கிறார்கள். மாடு தலையைத் தாழ்த்தி, காலை இன்னும் ஊன்றுகிறது. எங்கள் பின்வரிசை ஆண்களால் சும்மா இருக்க முடியவில்லை.

"வால முறுக்கச் சொல்லுங்கப்பா!"

"ஏலே, அது உங்க வீட்டு வண்டி மாடாலே? சாமி மாடு!"

"பருத்திக்கொட்டை காட்டுனா வரும்."

கோயில் பூசாரி கருப்பையா முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காளியின் முகத்தை டிவி முழுக்கக் காட்டினார்கள். வெள்ளைத் தொப்பிக்குக் கீழே திருநீறு தெரிந்தது. உதடு அசைந்தது. அவள் யாரைக் கும்பிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். கையை உயர்த்தி மற்ற பையன்களை விடச் சொன்னாள். அவர்கள் தயங்கித் தயங்கிக் கயிற்றைத் தளரவிட்டார்கள். அவள் தன் கயிற்றையும் தொய்யவிட்டாள். திரும்பி மாட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கயிற்றை எடுத்து இடது தோளில் போட்டாள். நுனியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

கயிறு மெல்ல நிமிர்ந்துகொண்டே வந்தது. இன்னும் ஓர் அடி வைத்தால் விறைத்துவிடும். நான் அய்யனாரே என்று கண்ணை மூடிவிட்டேன். அந்தச் சமயத்தில் பெண்கள் பக்கமிருந்து குலவை கிளம்பியது பாருங்கள், காக்காய் எல்லாம் புளியமரத்திலிருந்து பறந்தது. கண்ணைத் திறந்தேன். டியூக் நடந்து வந்துகொண்டிருந்தது. கயிறு தொய்வாகவே இருந்தது. அவள் தோளுக்குப் பின்னால் மூக்கை வைத்துக்கொண்டு, அம்மா பின்னால் போகிற கன்றுக்குட்டி மாதிரி வந்தது.

வெளிச்சத்துக்கு வந்ததும் அவள் வேகம் எடுத்தாள். மாடும் எடுத்தது. மைதானத்தின் குறுக்கே இரண்டும் ஓடின. அங்கே எழுந்து நின்றார்கள். இங்கேயும் எழுந்து நின்றோம். டிவிக்கு முன்னால் செருப்பைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டினோம். ஜெய்னுல் பாயும் எழுந்து நின்றுவிட்டார். பாண்டியம்மாள் சூடம் கொண்டுவந்திருந்தாள். பொருத்தி டிவிக்கே காட்டிவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஊருணிக்குப் போன பெண்கள்

குலவை அடங்கியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோளில் கயிறு. தொய்வு. திரும்பிப் பார்க்காத நடை. அது அமெரிக்கா முறை இல்லை.

பூசாரி நாற்காலியிலிருந்து எழுந்தார். "சேது, அந்தப் புள்ளைக்கு இத யாரு சொல்லிக் குடுத்தது?"

"அய்யனார் மேல சத்தியமா நான் இல்ல."

"பாத்துப் படிச்சிருக்கும்" என்றேன் நான், சமாதானமாக.

"பாத்துப் படிச்சா தோள்ல போடத் தெரியும். தொய்வு விடத் தெரியாது. அது கயித்தப் பிடிச்ச கைக்குத்தான் தெரியும்."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் இன்னொருத்தி. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வரிசையே குலுங்கியது.

"என்ன பாண்டி?" என்றேன்.

பாண்டியம்மாள் சூடத்தட்டைக் கீழே வைத்தாள். "சேது தம்பி குவைத்துல இருந்துக்கிட்டு மாசிக்கு மட்டும் வந்துட்டுப் போச்சுல்ல, அப்ப நம்ம கோயில் மாட்ட யாரு தண்ணிக்குக் கொண்டு போனதுன்னு நினைச்சீக?"

"மாடு அதுவாப் போகும்."

"கண்மாயில தண்ணி கிடந்தா அதுவாப் போகும். வத்திருச்சுல? ஊருக்கு வெளிய இருக்க ஊருணிக்கு அம்புட்டுத் தூரம் அதுவாப் போகும்? உங்க மகதான் கூட்டிக்கிட்டுப் போனா. விடியக்காலம் நாங்க குடத்தோட போவோம், அவ மாட்டோட வருவா. முதல்ல இழுத்துத்தான் பாத்தா. வரல. அப்புறம் முன்னால நடந்தா. வந்துச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு மட்டுமா? ஊருணிக்குப் போற பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் தெரியும்."

"யாரும் சொல்லலையே!"

"நீங்க யாரும் கேக்கலையே!"

பின்வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "அந்தப் புள்ள பெரிய மனுசி ஆனதுக்கு அப்புறமுமா?"

"அப்புறமுந்தான்" என்றாள் பாண்டியம்மாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. மற்றப் பெண்களும் சிரிக்கவில்லை.

எனக்குப் பயம் பிடித்தது. டியூக் வாசலில் நின்றபோதுகூட அப்படி இல்லை. அங்கே மாடு வராவிட்டால் ஒரு வழக்கம் போகும். இங்கே ஊர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் மகள் இந்த மண்ணில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அபராதம், பரிகாரம் என்று பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியுமென்று தெரியாது. எல்லாரும் பூசாரி முகத்தைப் பார்த்தோம்.

பூசாரி கேட்டார். "அந்த வருசங்கள்ல மழை பெஞ்சுச்சா?"

"முதல் வருசம் இல்ல. அப்புறம் பெஞ்சுச்சு" என்றேன் நான்.

"மஞ்சுவிரட்டுல கோயில் மாடு யாரையும் முட்டுச்சா?"

"இல்ல."

"அது சீக்குன்னு படுத்துச்சா?"

"ஒரு தடவ குளம்புல புண்ணு வந்துச்சு" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. "காளிதான் வேப்பெண்ணெய் போட்டு ஆத்துச்சு."

பூசாரி தலையாட்டினார். "அப்ப அய்யனாருக்குத் தெரியாம ஒண்ணும் நடக்கல. நமக்குத்தான் தெரியாம நடந்திருக்கு. மாட்டுக்கே ஆட்சேபணை இல்ல, நமக்கு என்ன?"

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். அதோடு கூட்டம் கலைந்தது. பாயைச் சுருட்டினார்கள். பெண்கள் கோலம் போடப் போனார்கள். ஆண்கள் பல் துலக்கப் போனார்கள்.

ஜெய்னுல் பாய் பதறிவிட்டார். "ஏய், எங்கப்பா போறீக? இனிமேத்தான் ஆட்டமே! பந்தையே இன்னும் எடுக்கல!"

"மாடுதான் வந்துருச்சே பாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆமாம். நானும் போய்விட்டேன். எங்களுக்குக் கோயில் மாடு வந்துவிட்டால் வந்த காரியம் முடிந்தது. உரிக்காத தேங்காயை, ஆளில்லாத கலையரங்கத்து டிவியில் அவர்கள் வெகுநேரம் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். ஜெய்னுல் பாய் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து, விளங்காமலே கடைசிவரை பார்த்திருக்கிறார்.

போன் வந்தது

பத்து மணி வாக்கில் எங்கள் வீட்டு வாசலில் பூசாரி காபி குடித்துக்கொண்டிருந்தார். சேது பக்கத்தில் நின்றான். குயவரிடம் மண் காளைக்கு எப்போது சொல்வதென்று பேச்சு. கொம்பு நம்ம ஊர்க் கொம்பா, அந்த ஊர்க் கொம்பா என்று பாண்டியம்மாளுக்கு ஒரு சந்தேகம். அப்போது போன் வந்தது.

"அய்யா, பாத்தீகளா?"

"பாத்தேன்த்தா. கண்ணு நெறைஞ்சு போச்சு."

"ஜெயிச்சுட்டோம்யா! கடைசி நிமிசம் எப்படி இருந்துச்சு?"

"எங்க கடைசி? மாடு வந்த உடனே எல்லாரும் எந்திரிச்சு வந்துட்டோமே."

காளி சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. அங்கே பின்னால் ஒரே கூச்சல், பாட்டு. கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு நின்றது.

"அய்யா, எல்லாரும்னா... ஊரேவா?"

"ஊரேதான்."

"பூசாரி அய்யாவும் பாத்தாகளா?"

"நாற்காலி போட்டு."

அவள் மெதுவாகச் சொன்னாள். "மாடு நிண்டப்ப எனக்கு ரெண்டு வழிதான்யா இருந்துச்சு. இழுக்கணும், இல்லன்னா நம்ம ஊரு மாதிரி நடக்கணும். டிவியில நீங்க பாப்பீக, கண்டுபிடிச்சுருவீகன்னு தெரியும். எனக்கு அந்தக் கூட்டம் பயமில்ல, நம்ம ஊரத்தான் நெனச்சேன். அந்த மாட்டுக் கண்ணப் பாத்தேன்யா, ரொம்பப் பயந்துபோயி இருந்துச்சு. அதான் நடந்துட்டேன். கோவமா இருக்காகளா?"

நான் போனைப் பூசாரியிடம் நீட்டினேன். அவருக்கு போனில் பேசினால் அமெரிக்கா வரைக்கும் கேட்க வேண்டுமே என்ற கவலை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஆத்தா, காளி! நான் பூசாரி பேசுறேன். மாசி மஞ்சுவிரட்டுக்கு லீவு கெடைக்குமா? சேதுவுக்கு முட்டு வலிங்கிறான். கயிறு பிடிக்க ஆளு வேணும்."

சேது திடுக்கிட்டுத் திரும்பினான். "எனக்கு எங்கண்ணே முட்டு வலி?"

பூசாரி போனைக் கையால் பொத்திக்கொண்டார். "மாசிக்கு இன்னும் நாள் கிடக்குலே. அதுக்குள்ள வரும்."

சேது அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பாண்டியம்மாள் நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். அவன் மெதுவாகக் குனிந்து வலது முழங்காலைத் தடவிவிட்டு, போன் பக்கம் வாயைக் கொண்டுபோனான்.

"ஆமாத்தா. இப்பவே லேசா வலிக்கத்தான் செய்யுது. டிக்கெட்டப் போட்டுரு."